உற்சவர் புறப்பாடு சரி, மூலவர் எங்கே?

டப்ளின் மாநகராட்சி உறுப்பினர்களுக்கும் டிராட்ஃபெஸ்ட் என்ற ஐரிஷ் மரபிசை விழாவின் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் ஃபிப்ஸ்பரோவில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழன். இந்த நாட்டுக் குடியுரிமை எனக்கு இன்னும் இல்லை. ஆனால் அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை, இங்கே குடியிருந்தால் போதும். 2024 ஜூனில் அந்த நீளமான ஓட்டுச்சீட்டில் 1, 2, 3 என்று எண் போட்டு உங்களில் சிலரைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஆங்கிலப் படி தனியே உங்களுக்கு வரும். தமிழில் எழுதுவது இந்த ஊர் மருத்துவமனைகளிலும் கணினி நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக. ஐரிஷ் இசை என்றால், நகர நடுவில் பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியில் சிவப்புச் சாயம் அடித்த ஒரு கடை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் என்று நினைப்பவர்கள் அவர்களில் நிறைய. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் அவர்களுக்குக் காட்டுகிறது.

விழாவின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரிக் கடைசியில் டப்ளின் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியாது. ஐந்தரைக்குள் நன்றாக இருட்டிவிடும். மழை பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் செலவுக்குப் பிறகு எல்லார் கையிலும் காசு கம்மி. தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துகிடந்த இந்தப் பருவத்துக்குத்தான் டெம்பிள் பார் வணிகர்கள் சேர்ந்து 2006-ல் இந்த விழாவைத் தொடங்கினார்கள். வியாபாரக் கணக்கில் பிறந்த விழா என்று சிலர் உதட்டைச் சுழிப்பார்கள். எனக்கு அதில் குறையில்லை. தேர்த்திருவிழாவிலும் கடைகள் உண்டு. செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் கல் வளைவுகளுக்குக் கீழே ஒற்றை ஃபிடில் ஒலிப்பதை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். டப்ளின் கோட்டை, மாநகர மண்டபம், ஊருக்கு வெளியே மாலஹைட் கோட்டை என்று, மற்ற நாளில் சுற்றுலா வழிகாட்டியின் குரல் மட்டுமே கேட்கும் இடங்களில் அந்த நாட்களில் பாட்டுக் கேட்கிறது. இலவச நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. நன்றி.

அப்புறம் என்ன மனக்குறை என்கிறீர்களா? நம் கோயில்களில் உற்சவர் என்றும் மூலவர் என்றும் உண்டு. பல்லக்கில் ஏறி, மாலை சூடி, மேளத்தோடு வீதிக்கு வருபவர் உற்சவர். கருவறையை விட்டு நகராமல் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவர் மூலவர். டிராட்ஃபெஸ்ட் அருமையான உற்சவர். ஆனால் இந்த இசையின் மூலவர் குடியிருக்கும் இடம் பேராலயம் இல்லை, கோட்டை இல்லை. ஒரு பப்பின் மூலையில், ஏழெட்டு நாற்காலி சுற்றிப் போட்ட மேசை. அந்த மேசை இருக்கும் அறைகள் இந்த நகரத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு மாநகராட்சிக்கு உண்டு, அந்த அறைகளின் பெயரைச் சொல்லி ஆட்களைக் கூப்பிடும் விழாவுக்கும் உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கு விளக்கம்.

செஷன் என்பது கச்சேரி இல்லை என்று நம்மவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். மேடை கிடையாது, மைக் கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது. மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கேட்பவர்களுக்குப் பல நேரம் முதுகுதான் தெரியும். ஃபிடில், மரத்தாலான புல்லாங்குழல், டின் விசில், கான்செர்டினா (கையடக்கத் துருத்தி வாத்தியம்), பொத்தான் அக்கார்டியன், பாஞ்சோ, யாராவது ஒருவரிடம் துருத்தியால் காற்றூட்டும் குழல்வாத்தியமான இல்லன் பைப்ஸ் (அதை வாசிப்பவர் பைப்பர்). ஒருவர் ரீல் என்ற வேகமான நடன மெட்டு ஒன்றைத் தொடங்குவார். மெட்டு தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். இரண்டு மூன்று சுற்று வாசித்ததும் வாய்பேசாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ஒரு பார்வை, புருவத்தில் ஓர் அசைவு, அவ்வளவுதான் குறிப்பு. பெரும்பாலும் மூன்று மெட்டு ஒரு கோவை. முடிந்ததும் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்போது வாசித்தோமே, அதன் பெயர் என்ன?" என்று தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்வார்கள். நூற்றுக்கணக்கான மெட்டுகள் விரலில் இருக்கும், பெயர் நாக்கில் இருக்காது.

இடையில் யாராவது பாடத் தொடங்கினால் அறை அடங்கிவிடும். ஷான்-நோஸ் என்ற பழைய பாணியில் பாடுபவருக்குப் பக்கவாத்தியமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் சின்னச் சின்ன கமகங்களை (வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை) போட்டு இழைப்பார். அந்த நேரத்தில் பீர் ஊற்றுபவரின் கையும் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கேட்காமல் உட்காரக் கூடாது. வந்த உடனே தாளம் தட்டக் கூடாது. பௌரான் என்ற அந்த ஒற்றைமுகத் தோல்வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருபவரைக் கண்டால் மற்றவர்கள் முகம் கொஞ்சம் மாறும். பௌரானை எதைக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "பேனாக்கத்தியால்" என்று செய்மஸ் என்னிஸ் என்ற பெயர்பெற்ற பைப்பர் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. கஞ்சிரா வாசிக்கும் என் நண்பர் ஒருவரை அப்படி ஒரு மேசைக்கு அழைத்துப்போனேன். ஒரு மணி நேரம் பையைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டார். அப்புறம் ஃபிடில் வாசித்த பெரியவரே, "பையில் என்ன தம்பி?" என்கிற தோரணையில் விசாரித்து, எடுக்கச் சொன்னார். ஒன்பது எண்ணிக்கை வரும் ஸ்லிப் ஜிக் அது, ஜிக் என்ற நடன மெட்டில் ஒரு வகை. சங்கீர்ண நடை பழகிய கைக்குப் பெரிய சிரமம் இல்லை. வாசித்து முடித்ததும் பாராட்டெல்லாம் கிடையாது. நாற்காலியை இரண்டு அங்குலம் நகர்த்தி இடம் கொடுத்தார்கள். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய வரவேற்பு அதுதான். பேராலயத்தில் ஐம்பது யூரோ டிக்கெட் வாங்கினாலும் அது நடக்காது. அதற்கு அந்த அளவு அறை வேண்டும்.

சரி, அறைதானே, ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று யாராவது சொல்லலாம். வராது. இந்த நாட்டு வரலாறே சாட்சி. ஒரு காலத்தில் இந்த இசை இருந்தது பப்பில் இல்லை, வீடுகளில். சமையலறைத் தரையில் நடனம், நாற்சந்திகளில் நடனம், அதற்கு வாசிக்க ஒரு பைப்பரோ ஃபிடில்காரரோ. 1935-ல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. நடனம் வைக்க நீதிமன்ற உரிமம் வேண்டும் என்றார்கள். வீட்டு நடனத்தைக் குறிவைத்த சட்டமா அது என்று இன்றும் வாதிடலாம். பல ஊர்களில் பாதிரியாரும் போலீசும் அப்படித்தான் அதைக் கையாண்டார்கள். நடனம் உரிமம் பெற்ற கூடங்களுக்குப் போனது, அங்கே பெரிய பாண்டு வந்தது, ஒற்றை ஃபிடிலுக்கு வேலை போயிற்று. இசையைத் தடைசெய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இசை நடக்கும் இடத்துக்கு ஒரு விதி போட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த தலைமுறை கட்டட வேலைக்கு லண்டன் போயிற்று. குடியிருந்ததோ பொந்து போன்ற வாடகை அறைகள். வாத்தியத்தை எடுத்தால் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுவார். எனவே காம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பக்கத்துப் பப்களில் கூடினார்கள். உலகமே இன்று "பழமையான ஐரிஷ் மரபு" என்று கொண்டாடும் பப் செஷன், 1940களில் லண்டனில் ஊர் ஏக்கத்தில் இருந்த கூலித் தொழிலாளிகள் கண்டுபிடித்த ஏற்பாடு. அயல்நாட்டில் வாடகை அறையில் இருக்கும் என் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

1960களில் அது டப்ளினுக்குத் திரும்பி வந்து மெரியன் ரோவில் ஓடோனஹூஸ் பப்பில் சூடுபிடித்தது. 1962-ல் 'தி டப்ளினர்ஸ்' குழு அங்கேதான் உருவானது. அந்தக் குழுவின் லூக் கெல்லிக்கு 2019 ஜனவரி 30 அன்று, அவர் இறந்த 35-ஆம் ஆண்டு நிறைவில், இந்த நகரம் ஒரே நாளில் இரண்டு சிலை திறந்தது. ஷெரிஃப் தெருவில் ஒன்று, சவுத் கிங் தெருவில் ஒன்று. ஒரு பாடகருக்கு ஒரே நாளில் இரண்டு சிலை வைக்கும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாடகர்கள் உருவாகும் அறைக்கும் அந்த மனசு இருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை.

டெம்பிள் பாரின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1980களில் அரசுப் போக்குவரத்து நிறுவனம் பேருந்து நிலையம் கட்ட அங்கே கட்டடங்களை வாங்கிப் போட்டது. இடிக்கும்வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று குறைந்த வாடகைக்கு விட்டது. ஓவியர்களும் இசைக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். இடம் உயிர்பெற்றதைப் பார்த்து, பேருந்து நிலையத் திட்டத்தைக் கைவிட்டு, 1991-ல் தனிச் சட்டமே போட்டு அதைப் பண்பாட்டுப் பகுதி என்று அறிவித்தார்கள். பிறகு? மலிவு வாடகை கலைஞர்களைக் கொண்டுவந்தது, கலைஞர்கள் கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள், கூட்டம் வாடகையை ஏற்றியது, வாடகை கலைஞர்களை வெளியே தள்ளியது. இன்று அங்கே சாயங்காலம் ஆனால் பல கடைகளில் ஒருவர் கிதாரையும் ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு, சுற்றுலாப் பயணிகள் கேட்கும் அதே பத்துப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அது கடின உழைப்பு. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கான்செர்டினாவால் மூச்சுவிட முடியாது.

ஃபிஷாம்பிள் தெரு அதே பகுதியின் ஓரத்தில்தான் இருக்கிறது. 1742 ஏப்ரல் 13 அன்று ஹேண்டலின் 'மெசையா' என்ற புகழ்பெற்ற இசைப்படைப்பு முதன்முதலில் அரங்கேறிய இசைக்கூடம் அங்கே இருந்தது. கூட்டம் தாங்காது என்பதால் பெண்கள் வளையம் வைத்த பாவாடையைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார்களாம். கூடம் போய்விட்டது. ஒரு வளைவும் ஒரு பலகையும் மிச்சம். அந்தத் தெருவில் ஹேண்டல் பெயரில் ஒரு ஹோட்டல் வந்தது. ஹோட்டலைச் சொன்னதும் ஸ்மித்ஃபீல்ட் நினைவுக்கு வருகிறது.

ஸ்மித்ஃபீல்டில் மல்லிகன் குடும்பம் நடத்தும் காபிள்ஸ்டோன் பப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முன்பக்க ஜன்னலோரம் செஷன், பின்னால் கச்சேரி அறை, மாடியில் வாத்திய வகுப்பு. 2021 இலையுதிர் காலத்தில் அந்த இடத்தைச் சுற்றியும் மேலேயும் ஹோட்டல் கட்ட விண்ணப்பம் வந்தது. பப்பை இடிக்கவில்லையே, முகப்பு அப்படியே இருக்குமே என்று சொன்னார்கள். பின்னறையும் மாடி வகுப்பும் போய்விட்டால் மிஞ்சுவது பலகை மட்டும்தான். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இசைக்காரர்கள் சவப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து, டப்ளினுக்கே சாவு ஊர்வலம் நடத்தி, வாத்தியங்களோடு தெருவில் வந்தார்கள். நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. அன்றைக்கு உங்களைப் பாராட்டாத ஆளில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பின்னறையைக் காப்பாற்ற ஊர்வலமும் சவப்பெட்டியும் தேவைப்பட்டது. காபிள்ஸ்டோன் புகழ்பெற்ற இடம், அதற்காகக் குரல் கொடுக்க உலகம் முழுக்க ஆள் இருந்தது. அதே ஆண்டில் நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், சான்சரி தெருவில் இருந்த ஹியூஸ் பப் மூடப்பட்டது. பல பத்தாண்டுகளாக செஷன் நடந்த இடம். அதற்கு ஊர்வலம் இல்லை. பெயர் தெரியாத இன்னும் சில அறைகள் மூடும்போது செய்தி கூட வராது. ஒவ்வொரு முறையும் பொதுமக்கள் கோபம் கொப்பளித்தால்தான் ஓர் அறை தப்பும் என்றால், அதற்குப் பெயர் கொள்கை இல்லை, அதிர்ஷ்டம்.

உங்கள் 2022–2028 வளர்ச்சித் திட்டத்தில் நல்ல விதி ஒன்று இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டுமானங்கள் குறைந்தது 5 சதவீத இடத்தைச் சமூக, கலை, பண்பாட்டுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். நல்ல எண்ணம். ஆனால் அப்படி வரும் இடங்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஓவியக் கண்காட்சி வைக்கலாம், யோகா வைக்கலாம். செஷன் புதுக் கட்டடத்தில் நட்டால் முளைக்காது. தரை கொஞ்சம் தேய்ந்திருக்க வேண்டும், கூரை தாழ்வாக இருக்க வேண்டும், முக்கியமாக நடத்துபவருக்கு இசைமேல் பைத்தியம் இருக்க வேண்டும். புது இடம் ஒதுக்குவதற்கு முன், இருக்கிற இடத்தைக் கணக்கெடுங்கள்.

அதைத்தான் முதலில் கேட்கிறேன். வாரம் ஒருமுறையாவது ஒலிபெருக்கி இல்லாத செஷன் நடக்கும் அறைகளின் பதிவேடு ஒன்றை மாநகராட்சி தயாரிக்க வேண்டும். பழைய கட்டடங்களுக்குப் பாதுகாப்புப் பட்டியல் வைத்திருக்கிறீர்கள்; செங்கல்லும் ஜன்னல் சட்டமும் அதில் இருக்கின்றன. அங்கே நடக்கும் வேலைக்கும் ஒரு பட்டியல் இருக்கட்டும். அதில் உள்ள அறையைத் தொடும் எந்தக் கட்டட விண்ணப்பம் வந்தாலும், அந்தப் பயன்பாடு என்ன ஆகும் என்பதற்கு விண்ணப்பதாரர் முதலில் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் புதுக் குடியிருப்பு கட்டினால் ஒலித்தடுப்புச் செலவு கட்டுபவருடையது, பப்பினுடையது அல்ல. இது புதுமை இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லேயே இந்த விதியைக் கொண்டுவந்தது. 2021-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் இரவு இசை விடுதிகளையும் ஓபரா அரங்கு போலப் பண்பாட்டு நிறுவனங்களாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் போட்டது. டெக்னோவுக்கு பெர்லினில் கிடைக்கும் மதிப்பு ஜிக்குக்கு டப்ளினில் கிடைக்கக் கூடாதா?

மாநகராட்சி ஒன்றும் செய்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹென்ரியட்டா தெரு 15-ஆம் எண்ணுக்குப் போய்ப் பாருங்கள். இல்லன் பைப்ஸ் என்ற வாத்தியம் அழியும் நிலையில் இருந்தபோது, 1968-ல் வாசிப்பவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அப்போது நூறு பைப்பர்கள் தேறுவதே சிரமம். வாயால் ஊதும் பைப் இல்லை இது; முழங்கைக்கு அடியில் துருத்தியை அமுக்கி, மறுகைக்கு அடியில் பையை அணைத்து, விரலால் மெட்டு வாசித்து, மணிக்கட்டால் சுரக்கட்டைகளை அழுத்த வேண்டும். ஏழு வருஷம் கற்க, ஏழு வருஷம் பழக, ஏழு வருஷம் வாசிக்க, அப்போதுதான் ஒருவர் பைப்பர் என்று பழமொழி. அந்தச் சங்கத்துக்கு 1980களில் மாநகராட்சி, பாழடைந்து கிடந்த அந்த ஜார்ஜியன் மாளிகையை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. அவர்கள் அதைச் சீராக்கி, வகுப்பு நடத்தினார்கள், வாத்தியம் செய்யும் கலையைக் கற்றுக்கொடுத்தார்கள், ஒலிப்பதிவுகளைச் சேர்த்தார்கள். 2017-ல் இல்லன் பைப்ஸ் வாசிப்பு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. கையெழுத்துப் போட்டு ஒரு கட்டடத்தைக் கொடுத்ததற்கு இதைவிடப் பெரிய பலன் ஒரு நகர நிர்வாகத்துக்குக் கிடைக்குமா தெரியவில்லை. மறுபடி ஒருமுறை செய்யுங்கள். வடக்கு டப்ளினில் மூடிக் கிடக்கும் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை, தினமும் அவற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

அடுத்து காசு. பேசக் கூச்சப்படும் விஷயம், அதனால்தான் யாரும் பேசுவதில்லை. செஷனில் பொதுவாக இரண்டு மூன்று பேருக்குத்தான் பப்காரர் பணம் கொடுப்பார். மேசை காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. மற்றவர்கள் ஆசைக்கு வந்து வாசிப்பவர்கள், சிலருக்கு ஒரு கிளாஸ் இலவசமாக வரும். இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், எல்லாருக்கும் சம்பளம் போட்டால் அது செஷனாக இருக்காது. ஆனால் பணம் வாங்கும் அந்த இரண்டு மூன்று பேரும் டப்ளின் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தால் மேசை எப்படி நிற்கும்? 2022-ல் அரசு 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் கொடுக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அது தேசிய அரசின் வேலை. நகரம் செய்யக்கூடியது சின்னது. பதிவேட்டில் உள்ள அறைகளுக்கு, கூட்டம் குறைந்த மாதங்களில், ஒலிபெருக்கி இல்லாத ஒரு வார நாள் செஷனின் ஊதியத்தில் பாதியை மாநகராட்சி கொடுக்கலாம். விழாவுக்குக் கொடுக்கும் ஆதரவின் ஓரத்தில் ஒரு கிள்ளு போதும்.

விழாக் குழுவினருக்கு இப்போது. நீங்கள் பேராலயத்தை விட வேண்டாம். கூடவே கிளேர் கவுண்டியில் மில்டவுன் மால்பே என்ற சின்ன ஊரைப் பாருங்கள். வில்லி கிளான்சி என்ற பைப்பர் 1973 தொடக்கத்தில் இறந்தார். அந்தக் கோடையிலேயே அவர் பெயரில் அங்கே கோடைப்பள்ளி தொடங்கி, வருஷாவருஷம் ஜூலை முதல் வாரத்தில் நடக்கிறது. காலையில் வகுப்பு. பள்ளிக்கூடம், வீட்டுச் சமையலறை, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. ராத்திரி செஷன். காலையில் பாடம் எடுத்தவரும் படித்த குழந்தையும் சாயங்காலம் ஒரே மேசையில் இருப்பார்கள். அங்கே ரசிகர் என்று தனியாக ஒரு சாதி கிடையாது, எல்லாரும் ஏதோ ஒரு அளவில் மாணவர்கள். டப்ளினில் ஐந்து நாள் விழா முடிந்தால் கையில் என்ன மிஞ்சுகிறது? டிக்கெட் துண்டு. மில்டவுன் மால்பேயில் புதிதாக இரண்டு மெட்டாவது விரலில் மிஞ்சும்.

இந்த ஊர் பள்ளிகளில் குழந்தைகள் டின் விசில் கற்கிறார்கள். என் மகளும் ஊதுகிறாள். (சனிக்கிழமை காலை தூக்கம் போன கதையைத் தனி மடலில் எழுதலாம்.) அவள் வகுப்பில் நைஜீரியா, பிரேசில், போலந்து, கேரளம் என்று பல நாட்டுப் பிள்ளைகள். விசில் எல்லார் கையிலும் இருக்கிறது, மெட்டும் ஐந்தாறு தெரியும். அதற்கப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஊரில் வசதியான குடும்பங்கள் ஐரிஷ் மரபிசையை வளர்க்கும் கோல்தஸ் அமைப்பின் கிளைகளில் சேர்த்துவிடுகிறார்கள், அது 1951-லிருந்து பெரிய வேலை செய்துகொண்டிருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. விழா நாட்களில் பகலெல்லாம் டெம்பிள் பார் பப்கள் பாதி காலிதானே? சனி, ஞாயிறு பகலில் அங்கே பிள்ளைகளுக்கான செஷன் வையுங்கள். மெதுவான வேகம், பெரியவர் ஒருவர் நடுவில், வாசல் திறந்தபடி, பார் மூடியபடி. வெளியே மாட்டுகிற பலகையில் பல மொழியில் எழுதுங்கள். தமிழில் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

இன்னொன்று. விழாவின் ஓர் இரவை டெம்பிள் பாரை விட்டு வெளியே அனுப்புங்கள். அன்றைக்கு மேடை வேண்டாம். ஸ்மித்ஃபீல்ட், ஸ்டோனிபேட்டர், ஃபிப்ஸ்பரோ, லிபர்ட்டீஸ் என்று செஷன் அறைகள் இருக்கும் பகுதிகளின் வரைபடத்தை மட்டும் அச்சடித்துக் கொடுங்கள். எப்படி உட்கார வேண்டும், எப்போது பேசக் கூடாது என்று பின்பக்கம் நாலு வரி போடுங்கள். எல்லாரையும் ஒரே அறைக்குள் தள்ளி மூச்சுமுட்ட வைத்துவிடக் கூடாது என்பது உண்மைதான். அதனால்தான் ஓர் இரவு என்கிறேன், வாரம் முழுக்க இல்லை. அந்த அறைகளை நடத்துபவர்கள் வேண்டாம் என்றால் அவர்கள் பேச்சுக்கே முதலிடம்.

தமிழனுக்கு எதற்கு இந்த அக்கறை என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். ராஸ்காமன் கவுண்டியில் பாய்ல் என்ற ஊரில் பிறந்து, டப்ளினில் ராயல் ஐரிஷ் இசைக்கழகத்தில் படித்த மார்கரெட் கசின்ஸ், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1913 ஜனவரியில் டப்ளின் கோட்டையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துச் சிறைக்குப் போனார். ஆம், நீங்கள் இப்போது கச்சேரி வைக்கும் அதே கோட்டை, அதே மாதம். இரண்டு வருஷத்தில் கணவரோடு சென்னைக்கு வந்தார். அடையாறில் பெண்களுக்கான சங்கம் தொடங்குவதில் முன்நின்றார். 1919-ல் மதனப்பள்ளியில் தாகூர் பாடிக் கேட்டு 'ஜன கண மன'வுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் அவர்தான். ஆங்கில அரசு அவரை வேலூர்ச் சிறையிலும் வைத்தது. 1954-ல் சென்னையில் இறந்தார். உங்கள் ஊர் வகுப்பறை ஒன்றில் சுரம் எழுதக் கற்ற கை எங்கள் நாட்டுக்கு அதைச் செய்திருக்கிறது. டப்ளின் கோட்டையில் அடுத்த நிகழ்ச்சி நடக்கும்போது அவரைப் பற்றி மேடையில் இரண்டு வார்த்தை யாராவது சொன்னால் கண்ணாடிக் கணக்கு நேராகிவிடும்.

எங்கள் சென்னையிலும் மார்கழிக் கச்சேரிப் பருவம் உண்டு. அங்கேயும் அரங்குகள் பெருகின, விழா பெரிதானது, ஆனால் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கேட்டவர்களின் எண்ணிக்கை பெருகியதா என்பது வேறு விவாதம். அதை இங்கே இழுக்கவில்லை. விழா வளர்ந்தால் இசை தானாக வளரும் என்று நம்பிக்கொண்டிருந்த ஊர் டப்ளின் மட்டும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

பதிவேடு, ஒலித்தடுப்பு விதி, பாதி ஊதியம் ஆகிய மூன்றையும் மாநகராட்சியின் கலைப் பிரிவு ஆறு மாதத்துக்குள் ஆய்ந்து, மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் செஷனும் வரைபட இரவும் விழாக் குழுவின் கையில். இந்த மடலின் ஆங்கிலப் படியைக் காப்ரா–கிளாஸ்னெவின் பகுதி உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் தனித்தனியே அனுப்புகிறேன், ஏனென்றால் என் ஓட்டு அங்கேதான் இருக்கிறது. வரும் ஜனவரி நிகழ்ச்சி நிரல் முடிவாகும் முன் பதில் கிடைத்தால் நல்லது. பதில் எழுத நேரமில்லை என்றால், எந்த வார நாள் ராத்திரியானாலும் சரி, ஸ்மித்ஃபீல்ட் பக்கம் வாருங்கள், பேசிக்கொள்ளலாம். செஷன் நடுவில் மட்டும் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
ஃபிப்ஸ்பரோவிலிருந்து ஒரு தமிழ் வாக்காளன்